பூஞ்சை மூளைக்காய்ச்சலின் வளர்சிதை மாற்றங்களை அறிக்கைகளில் படித்தறிவது எப்படி?

பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலில் ஒரு நோயாளியின் கோப்பு சில நாள்களிலேயே எண்களால் நிரம்பிவிடுகிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரின் குளுக்கோஸ், புரதம், லாக்டேட், இரத்தத்தின் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின், அமிலநிலையைக் காட்டும் பைகார்பனேட் என ஒவ்வொன்றும் தனித்தனித் தாளில் வந்து சேர்வதால், அவற்றுக்கிடையே உள்ள தொடர்பு பல நேரம் கண்ணில் படாமலே போகிறது. இந்த எண்களை மாற்றுபவை மூன்று: மூளையுறைக்குள் வாழும் பூஞ்சை, அதை எதிர்க்கும் உடல், பூஞ்சையைக் கொல்லக் கொடுக்கும் மருந்து. ஓர் எண் இயல்பிலிருந்து விலகியிருப்பதைக் கண்டால், அது இம்மூன்றில் எதனால் விலகியது என்று முதலில் கேட்க வேண்டும். மருந்தால் குறைந்த பொட்டாசியத்தை நோயின் சோர்வு என்று எண்ணுவதும், இரத்தச் சர்க்கரை தாழ்ந்ததால் குறைந்த தண்டுவட நீர்க் குளுக்கோஸை நோய் முற்றியதாக எண்ணுவதும் இந்தக் கேள்வியைத் தவறவிடுவதால் நேர்பவை.

இவ்வழிகாட்டி பயிற்சி மருத்துவர்களையும் செவிலியர்களையும் ஆய்வகப் பணியாளர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. நோயாளியின் குடும்பத்தார் படித்தால் மருத்துவரிடம் எதைக் கேட்கலாம் என்பது தெளிவாகும். மருந்தையோ அதன் அளவையோ மாற்றும் முடிவு சிகிச்சைக் குழுவினுடையதாகவே இருக்க வேண்டும்.

எந்தப் பூஞ்சை என்பதும் முக்கியம். உலகில் மிகுதியாகக் காணப்படுவது கிரிப்டோகாக்கஸ், எச்.ஐ.வி. தொற்று முற்றியவர்களையும், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களையும், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களையும் அது அதிகம் தாக்குகிறது. கேண்டிடா பெரும்பாலும் குறைமாதக் குழந்தைகளிடமும் மூளை அறுவைக்குப் பின்னும் வருகிறது. காக்சிடியாய்டிஸ், ஹிஸ்டோபிளாஸ்மா ஆகியவை குறிப்பிட்ட நிலப்பகுதிகளின் மண்ணைச் சார்ந்தவை. 2012-இல் அமெரிக்காவில் மாசுபட்ட ஸ்டீராய்டு ஊசியால் பரவிய மூளைக்காய்ச்சலுக்கு எக்சரோஹைலம் என்ற கரும்பூஞ்சை காரணமாக இருந்தது. இங்கே சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதி கிரிப்டோகாக்கஸைப் பற்றியது, ஏனெனில் அதைப் பற்றித்தான் நன்கு தெரியும்.

மாதிரி எடுக்கும் வேளையில்

விளக்கம் தொடங்குவது ஆய்வகத்தில் அன்று, படுக்கையின் பக்கத்தில். முதுகெலும்பிடையில் ஊசி செலுத்தித் தண்டுவட நீர் எடுக்கும்போது, அதே வேளையில், இயலுமானால் சற்று முன்னதாகவே, இரத்தக் குளுக்கோஸுக்கும் மாதிரி எடுத்துவிட வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் தண்டுவட நீரில் அது தெரிவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். காலையில் எடுத்த இரத்தத்தை மாலையில் எடுத்த தண்டுவட நீருடன் ஒப்பிட்டால் கிடைக்கும் விகிதத்துக்குப் பொருளில்லை. இடையில் குளுக்கோஸ் கலந்த திரவம் ஏறியிருந்தால் அது மேலும் திரிந்துபோகும்.

குழாயும் கவனத்துக்குரியது. தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் உயிரோடு இருக்கின்றன. அவை குழாய்க்குள்ளும் குளுக்கோஸை எரித்து லாக்டேட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். மாதிரி வெப்பமான அறையில் மேசைமீது காத்துக்கிடந்தால், குளுக்கோஸ் குறைந்தும் லாக்டேட் கூடியும் அறிக்கை வரும். எனவே குளுக்கோஸுக்கும் லாக்டேட்டுக்கும் அணுக்கள் சர்க்கரையை எரிப்பதைத் தடுக்கும் ஃபுளோரைடு கலந்த குழாயைப் பயன்படுத்தி, எடுத்த நேரத்தைக் குழாயின் மேலேயே எழுதி, உடனே அனுப்ப வேண்டும். பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்குரிய குழாயில் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. வளர்ப்புச் சோதனைக்குச் சில மில்லிலிட்டர் தாராளமாகவே ஒதுக்க வேண்டும், ஏனெனில் பூஞ்சை அணுக்கள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்போது சில சொட்டுகளில் அவை அகப்படுவதில்லை.

ஊசி உள்ளே சென்றதும் முதலில் அழுத்தத்தை அளக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் அடுத்த ஊசி வரை திரும்பக் கிடைக்காது. நோயாளி பக்கவாட்டில் படுத்து, கால்களைச் சற்றுத் தளர்த்தி, மூச்சை அடக்காமல் இருக்கும்போது அளந்த எண்ணே நம்பத்தக்கது.

குளுக்கோஸ் விகிதத்தைக் கணக்கிடுதல்

இயல்பான தண்டுவட நீரில் குளுக்கோஸ் இரத்தத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். பெரியவர்களிடம் 45 முதல் 80 மி.கி./டெ.லி. வரை இயல்பு என்று அறிக்கைகள் அச்சிடுகின்றன. அந்த அச்சிட்ட எல்லையை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது பெரும்பிழைக்கு இட்டுச்செல்லும். தண்டுவட நீரில் 54, இரத்தத்தில் 180 என்று கொள்வோம். 54 இயல்பு எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆயினும் விகிதம் 0.30, இது தெளிவான குறைவு. மாறாக, தண்டுவட நீரில் 38, இரத்தத்தில் 60 என்றால், அறிக்கை 38-ஐச் சிவப்பில் காட்டும், விகிதமோ 0.63. இங்கே குறை இரத்தத்தில், அதை உடனே சரிசெய்ய வேண்டும். விகிதம் 0.4-க்குக் கீழே இறங்கினால் மூளையுறையில் ஏதோ நடக்கிறது என்று கொள்ளலாம். இரத்தச் சர்க்கரை மிக உயர்ந்த நீரிழிவு நோயாளியிடம் மட்டும் விகிதத்தைச் சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும். குளுக்கோஸைக் கடத்தும் வாயில்கள் ஓர் அளவுக்கு மேல் நிறைவடைந்துவிடுவதால் அத்தகையவரிடம் விகிதம் நோயின்றியும் தாழ்ந்திருக்கும்.

குளுக்கோஸ் ஏன் குறைகிறது? பூஞ்சை தின்றுவிடுகிறது என்பது எல்லோரும் சொல்லும் விடை. அது ஒரு சிறு பகுதியே. இரத்தத்திலிருந்து மூளைக்குள் குளுக்கோஸைக் கொண்டுவரும் குளூட்-1 என்ற கடத்திப் புரதம் அழற்சியால் முடங்குகிறது. வந்து சேர்ந்த குளுக்கோஸை வெள்ளணுக்களும், உயிர்வளி போதாமல் தவிக்கும் மூளைத் திசுவும் வேகமாக எரிக்கின்றன. வரவு குறைந்து செலவு கூடுவதன் விளைவே அறிக்கையில் வரும் எண்.

இதிலிருந்து நடைமுறைக்கு மிகவும் வேண்டிய ஒரு செய்தி கிடைக்கிறது. குளுக்கோஸைக் குறைப்பது பெரிதும் அழற்சிதான் என்றால், அழற்சியையே உண்டாக்க முடியாத உடலில் குளுக்கோஸ் குறையாது. எச்.ஐ.வி. முற்றிய நோயாளியின் தண்டுவட நீரில் கிரிப்டோகாக்கஸ் லட்சக்கணக்கில் மிதந்தாலும், வெள்ளணுக்கள் சொற்பமாகவும், குளுக்கோஸ், புரதம் இரண்டும் ஏறக்குறைய இயல்பாகவும் இருக்கக் கூடும். அந்த அமைதியான அறிக்கை நல்ல செய்தி அன்று. வெள்ளணு குறைந்த தண்டுவட நீர் உள்ளவர்களிடம் இறப்பு கூடுதலாகவே காணப்படுகிறது. ஆகவே நோய் எதிர்ப்பு குன்றியவருக்குத் தலைவலியும் காய்ச்சலும் இருந்தால், குளுக்கோஸ் எதுவாக இருந்தாலும் கிரிப்டோகாக்கஸின் உறைப்பொருளைக் கண்டறியும் எதிர்ச்செனிச் சோதனையைச் செய்துவிட வேண்டும். பல பூஞ்சைகளின் சுவரில் உள்ள பீட்டா-டி-குளுக்கானைத் தேடும் சோதனையை அதற்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. கேண்டிடா, எக்சரோஹைலம் போன்றவற்றில் அது உதவும், கிரிப்டோகாக்கஸோ அப்பொருளை மிகக் குறைவாகவே வெளியிடுகிறது.

லாக்டேட் சொல்வது

லாக்டேட்டின் சிறப்பு என்னவென்றால், தண்டுவட நீரில் உள்ள அளவு இரத்த லாக்டேட்டைப் பெரிதும் சார்ந்திருப்பதில்லை. இரத்த மாதிரி தவறிப்போனபோதும், குளுக்கோஸ் விகிதம் குழப்பும்போதும் இது கைகொடுக்கிறது. இயல்பளவு ஏறத்தாழ 2 மில்லிமோல்/லிட்டருக்குள் இருக்கும். ஆய்வகம் மி.கி./டெ.லி. அலகில் தந்தால் 9-ஆல் வகுக்க வேண்டும். குளுக்கோஸுக்கு 18-ஆல் வகுப்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கும் 18-ஆல் வகுத்துவிடுகிறார்கள்.

லாக்டேட் 3.5-ஐத் தாண்டினால் பாக்டீரியா மூளைக்காய்ச்சல் என்று பாடநூல்கள் சொல்வது வைரஸ் மூளைக்காய்ச்சலிலிருந்து அதைப் பிரித்தறிவதற்காக. பூஞ்சையிலும் காசநோயிலும் அதே அளவுக்கு ஏறலாம். பூஞ்சை நோய் என்று உறுதியான பிறகு, லாக்டேட் வேறொன்றைக் காட்டுகிறது: மூளைத் திசுவுக்கு உயிர்வளியும் இரத்தவோட்டமும் போதவில்லை என்பதை. முதல் நாளில் லாக்டேட் உயர்ந்திருப்பவர்களிடம் நினைவு மங்கல் அதிகம் காணப்படுவதும் இதனோடு பொருந்துகிறது. அத்தகைய நோயாளியிடம் அடுத்து நோக்க வேண்டியது அழுத்தத்தை.

பூஞ்சை மூளையில் தேடுவது

கிரிப்டோகாக்கஸ் நுரையீரலில் நுழைந்து மூளையில் குடியேறுவதற்கு வேதியியல் காரணங்கள் உண்டு. மூளையில் இனோசிட்டால் என்ற சர்க்கரைச் சாராயம் இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு இருக்கிறது. அதை உள்ளிழுக்கும் கடத்திகளின் பெரிய குடும்பமே இப்பூஞ்சையிடம் உள்ளது. இனோசிட்டாலை உணவாகவும், தன் உறையைக் கட்டும் மூலப்பொருளாகவும் அது பயன்படுத்துகிறது. டோபமைனைக் கொண்டு லாக்கேஸ் நொதியின் துணையால் மெலனின் செய்து தன் சுவரைக் காத்துக்கொள்கிறது. யூரியேஸ் நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்குவது இரத்த-மூளைத் தடுப்பைக் கடக்க அதற்கு உதவுகிறது. மேனிட்டால், டிரெஹலோஸ் ஆகிய சர்க்கரை வகைப் பொருள்களைத் தானே உற்பத்தியும் செய்கிறது.

இவற்றில் டிரெஹலோஸுக்கு மருத்துவமனையில் நேரடிப் பயன் ஒன்று உண்டு. மூளையில் கட்டி போலத் தோன்றும் இடத்தைக் காந்த அதிர்வு நிறமாலையால் ஆராயும்போது, 3.6 முதல் 3.8 பி.பி.எம். வரையிலான பகுதியில் தெரியும் முகடுகள் டிரெஹலோஸைச் சுட்டி, பூஞ்சைக் கட்டியைப் பாக்டீரியாக் கட்டியிலிருந்து பிரித்தறிய உதவக் கூடும். அதே படத்தில் என்-அசிட்டைல் அஸ்பார்டேட் குறைந்திருந்தால் நரம்பணுக்கள் நலிந்திருக்கின்றன என்றும், லாக்டேட் முகடு எழுந்திருந்தால் அங்கே உயிர்வளியின்றிச் சர்க்கரை எரிகிறது என்றும் கொள்ளலாம். இந்த வசதி எல்லா இடங்களிலும் இல்லை. இல்லாததால் சிகிச்சை தாமதிக்க வேண்டியதுமில்லை.

அழுத்தத்தை ஆற்றல் கணக்காகப் பார்த்தல்

பூஞ்சையின் உறையிலிருந்து உதிரும் பல்சர்க்கரை, தண்டுவட நீர் இரத்தத்துக்குத் திரும்பும் வடிகாலை அடைத்துவிடுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் சுரக்கும் திரவம் வெளியேற வழியின்றித் தேங்க, மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதற்கு இருப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. எனவே இரத்தவோட்டம் குறைந்தால் சில நிமிடங்களிலேயே அது தடுமாறும்.

கணக்கு இப்படிப் போகும். அளந்த அழுத்தம் 40 செ.மீ. நீர் என்றால், 1.36-ஆல் வகுக்க அது ஏறத்தாழ 29 மி.மீ. பாதரசம். நோயாளியின் சராசரி இரத்த அழுத்தம் 80 எனில், அந்த 29 போக மூளைக்கு இரத்தத்தைத் தள்ளும் அழுத்தம் 51 மட்டுமே. 60-க்குக் குறையாமல் இருப்பது விரும்பத்தக்கது. வாந்தியாலும் உப்பு இழப்பாலும் சராசரி இரத்த அழுத்தம் 65-ஆகத் தாழ்ந்திருந்தால் அது 36-ஆகிவிடும். இதே நோயாளியின் தண்டுவட நீரை அழுத்தம் 20 செ.மீ.க்கு வரும்வரை மெல்ல வடித்தால், எந்த மருந்துமின்றி ஏறத்தாழ 15 மி.மீ. மீண்டுவிடுகிறது. 25 செ.மீ.க்கு மேல் இருந்தால் 20-க்குக் கீழாகவோ, மிக உயர்ந்திருந்தால் பாதியாகவோ குறைக்கும்படி வடிப்பதும், அறிகுறிகள் நீடித்தால் நாள்தோறும் அதைத் திரும்பச் செய்வதும் வழக்கத்தில் உள்ள முறை. பூஞ்சை எதிர்ப்பு மருந்துக்கு நிகரான இடத்தை இதற்கு நான் தருவேன். எளிய செயல் என்பதாலேயே இது அடிக்கடி தள்ளிப்போடப்படுகிறது.

இந்த இடத்தில் மாத்திரையால் அழுத்தத்தைக் குறைக்கும் ஆசை எழுவது இயல்பு. தண்டுவட நீர்ச் சுரப்பைக் குறைக்கும் அசிட்டசோலமைடைத் தாய்லாந்தில் ஒரு சோதனையில் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் வெளியான அதன் முடிவுப்படி, நோயாளிகளின் பைகார்பனேட் தாழ்ந்து, குளோரைடு உயர்ந்து, கடும் பாதிப்புகள் மிகுந்ததால் சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. முதன்மைப் பூஞ்சை எதிர்ப்பு மருந்தான ஆம்போடெரிசினும் அமிலத்தைக் கூட்டும் மருந்தே என்பதால் இதில் வியப்பில்லை. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் பற்றி 2016-இல் வெளிவந்த பன்னாட்டுச் சோதனையும் அப்படியே நிறுத்தப்பட்டது. அம்மருந்து பெற்றவர்களிடம் பூஞ்சை குறையும் வேகம் தளர்ந்ததோடு, உடல் ஊனமும் பக்கவிளைவுகளும் கூடின.

உடலின் பதிலடி

மூளையுறையில் எழும் அழற்சிச் செய்திகள் உடல் முழுவதையும் சிதைவு நிலைக்குத் தள்ளுகின்றன. தசைப் புரதம் உடைந்து கல்லீரலில் குளுக்கோஸாகிறது, இன்சுலினுக்குச் செவிசாய்ப்பது குறைகிறது, நீரிழிவு இல்லாதவருக்கும் சர்க்கரை ஏறுகிறது. கல்லீரல் ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்து அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டினையும் கூட்டுகிறது. ஆகவே இந்நாள்களில் ஃபெரிட்டின் உயர்ந்திருப்பதை இரும்புச் சத்து மிகுதி என்றும், ஆல்புமின் குறைந்திருப்பதை உணவுக் குறை மட்டுமே என்றும் கொள்ளக் கூடாது. ஆயினும் உணவு மெய்யாகவே குறைந்திருக்கும்; வாந்தி தணியும்வரை மூக்குக் குழாய் வழியாகவேனும் ஊட்டம் கொடுப்பதைத் தொடங்கிவிடுவது நல்லது.

சோடியம் குறைவதுதான் உடல் தரப்பில் மிகுந்த கவனத்தைக் கேட்பது. அதற்கு நான்கு காரணங்கள் வழக்கமாகப் போட்டியிடும்: நீரை உடலில் தக்கவைக்கும் ஹார்மோன் மிகுதல், மூளை நோயால் சிறுநீரில் உப்பு வீணாதல், வாந்தி, அட்ரீனல் சுரப்பி செயலிழத்தல். முதல் இரண்டிலும் சிறுநீரில் சோடியம் கூடுதலாகவே இருப்பதால் அந்த எண் அவற்றைப் பிரித்துக் காட்டாது. நோயாளியின் நீர்நிலைதான் காட்டும்: நாடித்துடிப்பு, எழுந்து உட்காரும்போது இரத்த அழுத்தம் சரிகிறதா என்பது, உள்சென்ற திரவத்துக்கும் வெளிவந்த சிறுநீருக்கும் உள்ள வேறுபாடு, அன்றாட எடை. உப்பை இழந்துகொண்டிருப்பவருக்கு நீரைக் கட்டுப்படுத்தினால், மேலே கண்ட கணக்கின்படி மூளைக்குச் செல்லும் இரத்தம் மேலும் குறையும். எந்தக் காரணமாக இருந்தாலும், நாள்பட்ட சோடியக் குறைவை 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலுக்கு மேல் உயர்த்தாமல் இருப்பதே பாதுகாப்பு. சோடியம் தாழ்ந்து, பொட்டாசியம் உயர்ந்து, இரத்த அழுத்தமும் எழவில்லை என்றால், குறிப்பாக ஹிஸ்டோபிளாஸ்மா நோயில், அட்ரீனல் ஹார்மோனான கார்ட்டிசோலின் சோதனையைக் கேட்க வேண்டும்.

மருந்து உண்டாக்கும் மாற்றங்கள்

ஆம்போடெரிசின்-பி பூஞ்சைச் சவ்வின் கொழுப்புப் பொருளான எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டு அதன் சவ்வைச் சிதைக்கிறது. மனித அணுக்களின் கொலஸ்டெராலோடும் ஓரளவு ஒட்டுவதால், சிறுநீரக நுண்குழல்களின் சவ்வும் கசியத் தொடங்குகிறது. பொட்டாசியமும் மக்னீசியமும் சிறுநீரில் ஓடுகின்றன, அமிலம் உடலிலேயே தங்குகிறது, கிரியேட்டினின் ஏறுகிறது; சில நாள்கள் கழித்து, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் குறைவதால் ஹீமோகுளோபினும் இறங்குகிறது. லிப்பிட் உறையிட்ட வகையில் இவை குறைவே தவிர, இல்லாமல் போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பரிந்துரைத்த முறையில் லிப்போசோமல் ஆம்போடெரிசினை உடல் எடையின் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஒரே ஒரு முறை கொடுத்து, 14 நாள்கள் ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் தொடர்கிறார்கள். அதற்கு அடிப்படையான ஆப்பிரிக்கச் சோதனையில் இரத்தசோகையும் சிறுநீரகப் பாதிப்பும் பழைய முறையைவிடக் குறைந்தன.

மருந்துக்கு முன் 1 லிட்டர் சாதாரண உப்புநீரில் 20 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு கலந்து, ஏறத்தாழ 2 மணி நேரத்தில் ஏற்றுவது வழக்கம். பொட்டாசியம் ஏற்கெனவே உயர்ந்தவருக்கு இது பொருந்தாது. உப்புநீர் ஏறிய அதே குழாயில் ஆம்போடெரிசினை விட்டால் மருந்து திரிந்து படியும். இடையில் 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸால் குழாயைக் கழுவ வேண்டும், மருந்தைக் கரைப்பதும் டெக்ஸ்ட்ரோஸில்தான். பொட்டாசியம், மக்னீசியம், கிரியேட்டினின் ஆகியவற்றைத் தொடக்கத்திலும், பிறகு வாரத்துக்கு இரு முறையேனும் பார்க்க வேண்டும். எவ்வளவு கொடுத்தும் பொட்டாசியம் ஏறவில்லையென்றால் மக்னீசியத்தைப் பார்ப்பதே அடுத்த படி; மக்னீசியம் குறைந்திருக்கும்வரை சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். உப்புகள் இரண்டும் குறைந்திருக்கும் நேரத்தில் ஃப்ளூகோனசோலும் சேர்ந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மின்னளவில் மீள எடுக்கும் நேரத்தைக் காட்டும் கியூ.டி. இடைவெளி நீளும் என்பதால், ஓர் இ.சி.ஜி. எடுத்து வைப்பது நல்லது.

பைகார்பனேட் குறைந்திருந்தால், அது மருந்தாலா நோயாலா என்பதை எதிரயனி இடைவெளி காட்டிக்கொடுக்கும். சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழிக்க வேண்டும். சோடியம் 134, குளோரைடு 112, பைகார்பனேட் 14 எனில் இடைவெளி 8, அது கூடவில்லை. இது குளோரைடு மிகுந்த அமிலநிலை, ஆம்போடெரிசின் நுண்குழலைப் பாதித்ததன் அடையாளம். அதே சோடியத்தோடு குளோரைடு 98, பைகார்பனேட் 16 என்றால் இடைவெளி 20, இது மிகுதி. லாக்டேட், கீட்டோன் அல்லது சிறுநீரகச் செயலிழப்பைத் தேட வேண்டும். ஆல்புமின் டெசிலிட்டருக்கு 4 கிராமிலிருந்து 1 கிராம் குறையும் ஒவ்வொரு தடவையும் இடைவெளியோடு 2.5-ஐக் கூட்டிக்கொள்ள மறக்கலாகாது; இந்நோயாளிகளிடம் ஆல்புமின் பெரும்பாலும் குறைந்தே இருக்கும்.

ஃப்ளூசைட்டோசின் பூஞ்சைக்குள், அணுப் பெருக்கத்தைத் தடுக்கும் 5-ஃபுளூரோயுராசிலாக மாறி வேலை செய்கிறது. குடல் பாக்டீரியாவும் அம்மாற்றத்தைச் சிறிதளவு செய்வதால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கலாம். இம்மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவது. ஆம்போடெரிசினால் கிரியேட்டினின் ஏறும்போது இதன் அளவு உடலில் தானாகக் கூடும். ஆகவே கிரியேட்டினின் உயர்ந்த நாளிலேயே ஃப்ளூசைட்டோசின் அளவைத் திருத்துவது குறித்தும், வெள்ளணு, தட்டணு எண்ணிக்கை குறித்தும் கேட்க வேண்டும்.

ஃப்ளூகோனசோல் கல்லீரலின் நொதிகளைத் தடுக்கிறது. கிளிமெபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரை எடுக்கும் நீரிழிவு நோயாளியிடம் அம்மாத்திரையின் வீரியம் கூடி, இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரியலாம். அப்போது எடுத்த தண்டுவட நீரில் குளுக்கோஸ் குறைந்திருப்பதை நோய் திரும்பியதாக எண்ணிவிடும் வாய்ப்பும் உண்டு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவரிடம் நேர்மாறாக ஃப்ளூகோனசோலின் அளவு குறையும்.

தொடர்ந்து பதியும் ஏடு

எண்களைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதிவருவது, தனித்தனி அறிக்கைகள் தராத பார்வையைத் தரும். ஒரு வரியில் அழுத்தமும் வடித்த அளவும், அதன் கீழ் குளுக்கோஸ் விகிதமும் லாக்டேட்டும், பிறகு சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், பைகார்பனேட், கிரியேட்டினின், ஹீமோகுளோபின், வெள்ளணு, எடை என்று கட்டங்கள் போட்டு, மேலே ஒவ்வொரு மருந்தும் தொடங்கிய நாளைக் குறிக்க வேண்டும். பொட்டாசியம் சரிந்த நாள் ஆம்போடெரிசினுக்குப் பின்னா முன்னா என்பது அங்கே ஒரு பார்வையில் தெரியும்.

சில மாற்றங்கள் மெதுவாகவே இயல்புக்கு வரும். தண்டுவட நீரின் புரதமும் எதிர்ச்செனி அளவும் நோயாளி தேறிய பின்னும் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் உயர்ந்தே இருக்கும். அவற்றை மட்டும் வைத்துச் சிகிச்சை தோற்றது என்று முடிவுகட்டக் கூடாது. வளர்ப்புச் சோதனையில் பூஞ்சை வளர்கிறதா என்பதே அதற்குரிய அளவுகோல். எச்.ஐ.வி. மருந்தைப் பொதுவாகப் பூஞ்சைச் சிகிச்சை தொடங்கி 4 முதல் 6 வாரங்கள் கழித்தே தொடங்குகிறார்கள். அதன் பின்னர்த் தலைவலி திரும்பி, வெள்ளணு கூடி, குளுக்கோஸ் முதன்முறையாகக் குறைந்து, வளர்ப்பில் மட்டும் பூஞ்சை இல்லையென்றால், அது மீண்டெழுந்த எதிர்ப்பாற்றல் இறந்த பூஞ்சையின் எச்சங்களைத் தாக்குவதாக இருக்கலாம். வளர்ப்பு முடிவு வர நாள்களாகும். அதுவரை பூஞ்சை எதிர்ப்பு மருந்தை நிறுத்தாமல், அழுத்தத்தை அளந்து, தேவைப்பட்டால் வடித்துக் காத்திருக்க வேண்டும்.